ஈரலுக்கு முன்னால் ஒரு வயிறு

மாட்டின் ஈரலுக்குள் போய்க் குடியிருந்துவிட்டு வந்த மனிதர் இந்த மலைநாட்டில் ஒருவர்தான். அவர் எங்கள் மெதில் ஐயா. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மாட்டு டாக்டர்கள் இருக்கிறார்கள், பெரிய படிப்புப் படித்தவர்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் மாட்டை வெளியே நின்று பார்க்கிறவர்கள். மெதில் ஐயா உள்ளே இருந்து பார்ப்பார். எந்த மூலையில் எது கிடக்கிறது, எதை யார் தூக்குகிறார், எதை எங்கே வைக்கிறார் என்று சொந்த வீட்டைச் சொல்வதுபோல் சொல்வார்.

உண்மையில் ஈரலுக்கும் அவருக்கும் உத்தியோக முறையில் எந்தத் தொடர்பும் கிடையாது. பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதுதான் அரசாங்கம் அவருக்குக் கொடுத்த வேலை. அந்த வேலை நடக்கும் இடம் ஈரலிலிருந்து எவ்வளவு தூரம் என்று மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். சிவப்பு மோட்டார் சைக்கிளில் பின்னால் புகை கக்கும் குளிர்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். வந்தார், போட்டார், போனார் என்றுதான் முதலில் இருந்தார். யாரும் அவருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. பிறகு கண்டிப் பக்கம் எங்கேயோ மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ஒரு டாக்டர் அம்மா கரும்பலகையில் ஈரலை வரைந்து, உள்ளே இரண்டு பெட்டி போட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அம்புக்குறி இழுத்தாராம். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள். அந்த அம்பு இவருடைய நெஞ்சில் போய்க் குத்திவிட்டது. திரும்பி வந்தவர் பழைய ஆள் இல்லை.

அந்த அம்புக்குறிக்கு ஒரு பெயர் இருந்தது. பீட்டெய்ன் ஹோமோசிஸ்டீன் மெதில்டிரான்ஸ்ஃபெரேஸ். வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் நிற்கிற நேரத்துக்குள் அதை இரண்டு தடவை சொன்னால் பெரிய காரியம். எங்களால் தூக்க முடிந்த துண்டை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். அப்படித்தான் அவர் மெதில் ஐயா ஆனார். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்பதற்குக் கூச்சம். கேட்டிருந்தாலும் அவர் ஈரலைத்தான் சொல்லியிருப்பார்.

காலையில் பெரட்டுக் களத்தில் கொழுந்துக்காரப் பெண்கள் வேலை பிரிப்பதற்காக நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து இவர் வண்டியை நிறுத்துவார். கூட்டம் எங்கே ஓட முடியாமல் நிற்கிறதோ அங்கேதான் அவருக்குப் பேச்சு வரும். வேலை பிரிக்கிற கண்டாக்கையா பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஈரல் பாதி முடிந்திருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன், குறையிருந்தால் ஈரல் மன்னிக்கட்டும். பீட்டெய்ன் என்று ஒன்று தீனியிலிருந்து வருகிறது. அதன் முதுகில் மூன்று சின்னச் சுமைகள். அந்தச் சுமைதான் மெதில். ஈரலுக்குள் ஹோமோசிஸ்டீன் என்று ஒருவன் கையை வீசிக்கொண்டு திரிகிறான். சும்மா விட்டால் வம்பு பண்ணுகிற ஆள். இந்த நீளப் பெயர்க்காரர் நடுவில் நின்று, அதன் முதுகிலிருந்து ஒரு சுமையைத் தூக்கி இவன் முதுகில் வைக்கிறார். சுமை ஏறியதும் ரவுடி நல்ல வேலைக்காரனாகி, பெயரையும் மெதியோனின் என்று மாற்றிக்கொள்கிறான். அந்தச் சுமை பிறகு கை மாறிக் கை மாறிப் போய், கடைசியில் ஈரலில் சேரும் கொழுப்பை மூட்டை கட்டி வெளியே அனுப்பச் சாக்காகிறது. சாக்கு இல்லையென்றால் கொழுப்பு ஈரலிலேயே தங்கும். கொழுத்த பசு கன்று போட்டதும் தன் உடம்புக் கொழுப்பையே கரைத்துப் பால் கொடுக்கப் பார்க்கும். அத்தனையும் ஒரே நேரத்தில் ஈரலுக்கு வந்து இறங்கும். ஈரல் மூச்சு முட்டும். மாடு தீனியை விடும். படுக்கும். அவ்வளவுதான்.

இதை அவர் முதல் தடவை சொன்னபோது ராக்கம்மா அக்கா கூடையை இறக்காமலே கேட்டார்.

“அது சரிங்கய்யா. இம்புட்டு சொமையத் தூக்கி மாத்தி விடுறாரே, அவருக்கு என்ன கெடைக்கும்?”

“ஒண்ணும் கெடைக்காது. தேயவும் மாட்டாரு, மாறவும் மாட்டாரு. அடுத்த சொமைக்கு அதே எடத்துல நிப்பாரு.”

“அப்ப நம்ம தோட்டத்துல பேர் பதிஞ்ச ஆளுதான்.”

பெரட்டுக் களமே சிரித்தது. மெதில் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், இலையில் வைத்த பீட்ரூட் கறியை இரண்டு பங்காகப் பிரித்து, நடுவில் ரசத்தால் அம்புக்குறி இழுப்பார். பக்கத்தில் இருப்பவர் சோற்றைப் பிசைய முடியாது. ஒரு சாவு வீட்டுக்கும் போனார். இறந்தவர் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் போனவர். சாவு வீட்டில் ஈரலைப் பற்றிப் பேசக்கூடாது என்கிற நாகரிகம் அவருக்கும் தெரியும். பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு குச்சியை எடுத்து ஈரமண்ணில் வரைய ஆரம்பித்துவிட்டார். தப்படிக்கிறவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கதறிக்கொண்டிருந்த சம்சாரமும் ஒரு நிமிடம் அழுகையை நிறுத்தி, “இத மின்னாடியே வந்து சொல்லக் கூடாதாய்யா” என்றது.

எல்லாரும் சிரித்தார்கள், நான் உட்பட. ஆனால் எனக்கு அவர் பேச்சில் ஒரு பிடிப்பு இருந்தது. அதற்குக் காரணம் என்னுடைய செவலை.

அதற்கு மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் செவலை என்று ஒரு பசு இருந்தது. நல்ல சதைப்பிடிப்பு. கன்று போட்ட பன்னிரண்டாம் நாள் தீனியை விட்டது, படுத்தது, மூன்று நாளில் செத்தது. கண்ணேறு என்றார்கள் சிலர். பாம்பு மூச்சுப் பட்டது என்றார்கள் சிலர். என் சம்சாரம் செல்லம்மாவின் கை ராசி சரியில்லை என்றும் ஒரு பேச்சு வந்தது. லயத்து வரிசை வீடுகளில் ஒரு பேச்சு வந்தால் அது பன்னிரண்டு காம்பராவையும் சுற்றிவிட்டுத்தான் படுக்கும். செல்லம்மா ஒரு மாதம் தண்ணீர் பிடிக்கிற பீலிப் பக்கம் மற்றவர்கள் போன பிறகுதான் போவாள்.

மெதில் ஐயா பெரட்டுக் களத்தில் அந்த நோயைச் சொன்னபோது, நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “சாகப் போற மாட்டோட வாயில ஒரு இனிப்பு வாடை அடிக்கும், அழுகின பழம் மாதிரி” என்றார். செவலையின் வாயில் அந்த வாடை இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்போல இவர் சொல்கிறார். அதுவரை அந்தச் சாவுக்கு ஒரு காரணம் இல்லாமல் இருந்தது.

அந்தச் சமயம் என்னிடம் இருந்தது பொட்டு. நெற்றியில் மட்டும் வெள்ளை விழுந்த கறுப்புப் பசு. கன்றாக வாங்கி வளர்த்தது, தலைச்சன் சினை, ஏழு மாதம் தாண்டிவிட்டது. இதுவும் போனால் மூன்றாவது மாடு வாங்க எனக்கு வழியில்லை. வழி இருந்தாலும் செல்லம்மா விடமாட்டாள். பேசிப் பழகாதவன் நான், ஆனாலும் மெதில் ஐயாவின் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே போய் நின்று, மாட்டை ஒரு தடவை வந்து பார்க்கச் சொன்னேன்.

அவர் பட்டிக்கு வந்து பொட்டுவைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். முதுகெலும்பைத் தேடினார், கிடைக்கவில்லை. “அண்ணே, இது மாடு இல்ல, நடமாடுற நெய்க்குடம்” என்றார்.

காரணம் செல்லம்மா. மிஞ்சின சோறு, தோசை, பாண், புண்ணாக்கு எல்லாம் பொட்டுவின் வாய்க்குத்தான். அவள் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னாள். “மெலிஞ்சாலும் பேசுறீங்க, கொழுத்தாலும் பேசுறீங்க. மாடு எப்பிடித்தான் இருக்கணுங்கய்யா?” அதற்கு அவர் ஈரலிலிருந்து தொடங்கினார். அவள் உள்ளே போய் அடுப்பை ஊதினாள்.

பீட்ரூட்டுக்கும் பீட்டெய்னுக்கும் பெயரிலேயே உறவு இருக்கிறதாம். முதன்முதலில் அதைக் கண்டுபிடித்ததே பீட்ரூட் குடும்பத்துக் கிழங்கில்தானாம். “நுவரெலியாவுல மருந்து ரோட்டோரம் கொட்டிக் கெடக்கு, நாம கண்ண மூடிக்கிட்டு இருக்கோம்” என்றார். மரக்கறித் தோட்டங்களில் வெடித்ததும் கோணலானதுமாக ஒதுக்கித் தள்ளும் பீட்ரூட்டை, சும்மா கேட்டு வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். மோட்டார் சைக்கிளின் ஒரு பக்கம் குளிர்ப் பெட்டி, மறு பக்கம் பீட்ரூட் மூட்டை. கன்று போடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து தொடங்கினோம். அளவு எவ்வளவு என்று கேட்டேன். மாடு எவ்வளவு தின்னுதோ அவ்வளவு என்றார். பெரிய ஆராய்ச்சிகளில் அளவை மாட்டிடமே விட்டுவிடுவது எவ்வளவு சௌகரியம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பொட்டுவுக்கு ஒரே கொண்டாட்டம். வாயெல்லாம் சிவந்து, கல்யாணத்துக்குப் போய்வந்த கிழவி மாதிரி நின்றது. சாணம் சிவப்பு. “உங்க மாடு எப்ப இருந்து வெத்தல போடுது?” என்று வழியில் போகிறவர்கள் கேட்டார்கள். வந்த மூட்டை வீணாகப் போகக்கூடாது என்று செல்லம்மா எங்களுக்கும் அதையே சமைத்தாள். பீட்ரூட் கறி, பீட்ரூட் சம்பல், பீட்ரூட் வறை. அந்த மாதம் எங்கள் வீட்டு ஈரல்களைப்போல் சுகமான ஈரல்கள் இலங்கையில் இருந்திருக்காது.

பொட்டு நல்லபடியாகக் கன்று போட்டது. பெட்டைக் கன்று. அன்றிலிருந்து மெதில் ஐயா தினமும் காலையில் வந்து பொட்டுவின் மூக்கோடு மூக்கு வைத்து, கண்ணை மூடி, மூச்சை இழுப்பார். இனிப்பு வாடை இருக்கிறதா என்று பார்க்கிறாராம். “இல்ல. ஈரல் சுத்தமா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார். வேறு வாடை இருந்ததா என்று அவர் பார்க்கவில்லை. தேடாத பொருளை அவருடைய மூக்கு எடுத்துக்கொள்ளாது. எனக்கும் செல்லம்மாவுக்குமோ பனிக்காலத்தில் மூக்கு என்று ஒன்று முகத்தில் இருக்குமே தவிர வேலை செய்யாது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். கன்று போட்ட பசுவின் சீம்பால் நாட்கள் கழிந்ததும், முதலில் கறக்கும் நல்ல பாலை மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுத் தேத்தண்ணியில் ஊற்றுவோம், பால் சேர்க்கிற இடத்துக்கும் அனுப்புவோம். அதுவரை ஒரு சொட்டு வாயில் வைக்க மாட்டோம். அந்த வருடம் அது திருவிழாவோடு சேர்ந்து வந்தது. காப்புக் கட்டி எட்டு நாள். லயத்தில் மீன், கருவாடு, இறைச்சி எதுவும் கிடையாது. கன்று போட்ட பதினொன்றாம் நாள் காலை நான் ஒரு குடம் பாலைக் கொண்டுபோய்ப் பூசாரியிடம் கொடுத்தேன். அவர் பெரிய பானையில் ஊற்றி, சர்க்கரைப் பொங்கலுக்கு அடுப்பேற்றினார்.

பால் கொதித்தது. ஆவி எழுந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். நெத்திலிக் கருவாட்டு வாடை.

எட்டு நாள் விரதம் இருந்த கூட்டம். சந்நிதானத்தில் கருவாடு மணக்கிறது. யாருக்கும் வாயில் எச்சில் ஊறவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எல்லார் முகத்திலும் கோபத்தைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

கோயில் கமிட்டித் தலைவர் உடனே விசாரணை வைத்தார். எந்த வீட்டில் கருவாடு சுட்டது என்று பார்க்க இரண்டு பேரைக் காம்பராக் காம்பராவாக அனுப்பினார். அவர்கள் சட்டி சட்டியாக மோந்து பார்த்துக்கொண்டு போய், கடைசியில் தலைவருடைய வீட்டு அலமாரிக்குப் பின்னால் ஒரு மீன் டின்னைக் கண்டுபிடித்தார்கள். அது காலி டின், விளக்குத் திரி போட வைத்திருந்தது என்றார் தலைவர். காலி டின் மூடி திறக்காமல் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தலைவரிடம் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

அதற்குள் பூசாரி என் வெறுங்குடத்தை மோந்துவிட்டார். அத்தோடு தலைவருடைய டின்னை எல்லாரும் மறந்தார்கள். செல்லம்மா கருவாடு கழுவிய கையோடு பால் கறந்திருக்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். செவலை செத்ததையும் ஒருத்தி எடுத்தாள். செல்லம்மா என்னைப் பார்த்தாள். நான் என் கால் விரலைப் பார்த்தேன். கூட்டத்தில் பேசுவதற்கு எனக்கு வாய் வராது. அது அன்றைக்கும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் சிவப்பு மோட்டார் சைக்கிள் பீட்ரூட் மூட்டையோடு கோயில் வாசலில் வந்து நின்றது. மெதில் ஐயா என்ன ஏது என்று கேட்டுக்கொண்டார். பானையைக் குனிந்து மோந்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோயிலே தீட்டாகிக் கிடக்கிறது, இவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி. உடனே கைப்பேசியை எடுத்து, பயிற்சியில் பாடம் எடுத்த அந்த டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டார். கூட்டத்துக்கும் பாடம் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டார்.

டாக்டர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பீட்ரூட் எவ்வளவு குடுத்தீங்க?” என்றார்.

“ரெண்டு நாளைக்கு ஒரு மூட்டை, டாக்டர்.”

லைன் போய்விட்டது என்று நினைத்தோம்.

“மாட்டுக்கு ஈரலுக்கு முன்னால ஒரு வயிறு இருக்கு. அது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?”

மாட்டின் முதல் வயிற்றில் கோடி கோடியாகக் கிருமிகள் இருக்கின்றனவாம். தீனி முதலில் அவற்றின் கைக்குத்தான் போகிறதாம். பீட்டெய்ன் ஈரலுக்குப் போகிற வழியிலேயே அவை மறித்து, பிய்த்துத் தின்றுவிடுகின்றனவாம். பிய்த்துப் போட்ட மிச்சம் ஒரு வாயுவாம், அதற்குத்தான் மீன் வாடையாம், அது இரத்தத்தில் ஏறிப் பாலில் இறங்கிவிடுகிறதாம். “நீங்க சொல்ற என்சைம் சரி. ஈரல்ல அது காத்துக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க அனுப்பின சாமான்தான் போய்ச் சேரல. இத நான் அன்னைக்கே சொன்னேனே” என்றார்.

ஒரு மாதம் மூட்டை மூட்டையாகச் சுமந்த மனிதர் தலையைச் சொறிந்தார். “அப்ப நான் டீ குடிக்கப் போயிருந்தேன், டாக்டர்” என்றார்.

கோயில் வாசலில் பெருஞ்சிரிப்பு. தேயிலை பறித்தே முதுகு வளைந்த கூட்டம், ஒரு கோப்பை டீ செய்த காரியத்தைக் கேட்டுச் சிரித்தது. செல்லம்மாகூடச் சிரித்தாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

டாக்டர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அது கெடக்கட்டும். மாடு தின்னுதா?” என்றார்.

மெதில் ஐயா என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் நான் முதல் தடவையாகப் பேசியது அப்போதுதான்.

“நேத்து அந்தியிலேருந்து தின்னலங்க. பீட்ரூட் சலிச்சிருச்சுன்னு நெனைச்சேன்.”

சிரிப்பு அப்படியே அறுந்தது. டாக்டர் அம்மா உடனே பெரிய டாக்டரைக் கூப்பிடச் சொன்னார், குளுக்கோஸ் நேராக இரத்தத்தில் ஏற வேண்டும், இன்றைக்கே என்றார். மெதில் ஐயா தலைவர் பக்கம் திரும்பி, “அந்தக் கொடத்துல தப்பு இல்லீங்க, அந்தம்மா கையிலயும் தப்பு இல்ல. தப்பு எங்கிட்ட” என்று சொல்லிவிட்டுப் பட்டியைப் பார்த்து ஓடினார். வண்டி இருப்பதை மறந்துவிட்டார்.

நான் பின்னாலேயே போனேன். பொட்டு படுத்திருந்தது. அவர் மூக்கோடு மூக்கு வைத்து மூச்சை இழுத்தார். பிறகு அந்தச் சாணத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நீளப் பெயரைச் சொல்லவில்லை, அம்புக்குறி போடவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. நானும் குனிந்து மோந்தேன். அடைத்த மூக்குக்கும் எட்டியது அந்த இனிப்பு வாடை.

பகல் பூசை நேரத்துக்குப் பெரிய டாக்டர் ஜீப்பில் வந்தார். கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, குழாயை மாட்டி, நான்கு போத்தல்களைக் கொடுத்து, மெதுவாக இறக்கச் சொன்னார். தலவாக்கலைப் பக்கம் இன்னொரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று போய்விட்டார். போத்தல் உயரத்தில் இருந்தால்தான் குளுக்கோஸ் இறங்கும். என் பட்டியின் கூரையோ தலைக்கு மேலே ஒரு சாண். கட்டித் தொங்கவிட இடமில்லை.

மெதில் ஐயா கூரையைப் பார்த்தார். ஒரு தகரத்தை நிமிர்த்தினார். வாளியைக் கவிழ்த்து, தலையைக் குனிந்துகொண்டு அதன் மேல் ஏறி, போத்தலோடு கையை ஓட்டை வழியாக வெளியே நீட்டினார். உடம்பு உள்ளே, கை வெளியே. வெளியிலிருந்து பார்த்தால் தகரக் கூரையில் ஒரு கை முளைத்து, போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. கொஞ்சத்தில் தூறலும் பிடித்துக்கொண்டது.

திருவிழாக் கூட்டம் பாதி அங்கே வந்துவிட்டது. அம்மனைப் பார்க்க வந்தவர்கள் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் மாற்றிப் பிடிக்கிறேன் என்றேன். “குழாயில காத்துப் போனா மாடு செத்துரும். நீங்க அது தலையப் பிடிச்சுக்குங்க, அண்ணே” என்றார். செல்லம்மா தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றார். “டீயாலதான் இந்த நெலம வந்துச்சும்மா.” கடைசியில் பூசாரி வந்தார். விபூதி பூசத் தலையைத் தேடினார். தலை உள்ளே இருந்தது. பானையைக் கெடுத்த கோபம் இன்னும் போகாத முகத்தோடு, கூரையில் நின்ற அந்தக் கையிலேயே மூன்று கோடு இழுத்துவிட்டுப் போனார்.

நான்கு போத்தல் இறங்குவதற்குள் கை இறங்க மறுத்துவிட்டது. கீழே கொண்டுவர இரண்டு பேர் பிடித்து இழுத்தோம். செல்லம்மா தேங்காயெண்ணெய் சுடவைத்துத் தேய்த்துவிட்டாள். மறுநாளும் பெரிய டாக்டரிடம் போத்தல் வாங்கிக்கொண்டு வந்தார், மறு கையை நீட்டினார். இடையில் கருப்பட்டிக் கரைசலைப் போத்தலில் எடுத்துப் பொட்டுவின் வாயில் புகட்டினார். மூன்றாம் நாள் மத்தியானம் நான் சும்மா பிடித்துக்கொண்டிருந்த புல்லைப் பொட்டு என் கையிலிருந்து இழுத்துத் தின்றது. ஒரு வாய்தான். பிறகு இன்னொரு வாய்.

மெதில் ஐயா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற நீளத்துக்கு, அந்தப் பெயரை முழுதாகச் சொன்னார். எங்களுக்கு நிம்மதி வந்தது.

பீட்ரூட்டை நிறுத்திய சில நாளில் பாலும் நல்ல பாலானது. பூசாரி இரண்டு தடவை மோந்துவிட்டுத்தான் குடத்தை வாங்கினார். செல்லம்மா பீலிக்கு எல்லாரும் நிற்கிற நேரத்தில் போகத் தொடங்கினாள்.

அடுத்த வருடம் மெதில் ஐயாவை நல்லதண்ணிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே பாதம் கும்பிட மலைக்கு வருகிற யாத்திரிகர்களைப் படிக்கட்டிலேயே நிறுத்தி ஈரல் சொல்கிறார் என்று கேள்வி. ஏறிக் களைத்தவர்களால் ஓட முடியாது, அவருக்கு நல்ல வசதி. இங்கே புதிதாக ஒருவர் வருகிறார். ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார், நல்ல மனிதர், பேசவே மாட்டார்.

பொட்டு அதற்குப் பிறகு இரண்டு ஈற்று ஈன்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் கன்று போட்ட பத்தாம் நாள் மெதில் ஐயாவிடமிருந்து அழைப்பு வரும். மாடு தின்கிறதா, வாயில் வாடை உண்டா என்று கேட்பார். பிறகு கால் மணி நேரம் ஈரல். நான் “ம்” போடுவேன். போன தடவை எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்காமல் பேச்சு பாதியில் அறுந்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு மேல்மலைக்கு ஏறி, நானே திரும்ப எடுத்து, மழைக்குள் நின்று மீதியைக் கேட்டேன். இறங்கி வந்ததும் ஐயா என்ன சொன்னார் என்று செல்லம்மா கேட்டாள். விளங்கவில்லை என்றேன். விளங்காததைக் கேட்கவா இந்த மழையில் மலை ஏறினீர்கள் என்றாள்.

பொட்டு இப்போது மறுபடியும் நிறைமாதம். கன்று போட இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. நான் நேற்றே மேல்மலைக்குப் போய், எந்தக் கல்லின் பக்கத்தில் நின்றால் பேச்சு அறுபடாமல் கேட்கும் என்று பார்த்துவிட்டு வந்தேன்.